இரண்டும் ஒன்றாய் வருமா?
வணிகருக்கு ஒரு கணக்குப் பாடம்

 

சாஆ பட்டணத்தில் கடை நடத்தும் நாம், சென்ற மாதம் ஒரு நாள் அந்தி நேரத்தில் கல்லாவில் அமர்ந்து பேரேட்டைப் புரட்டிக் கொண்டிருந்தோம். நான்காம் படிவத்தில் பயிலும் எம் மகன் தன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து எம் முன்னே விரித்தான். "அத்தா, இந்தப் பாடம் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது" என்றான். பாடத்தின் பெயர் மலாயில் 'கெபாராங்காலியான்'. தமிழில் அதனை நிகழ்தகவு என்பர். ஒரு காரியம் நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று அளந்து சொல்லும் கணக்கு அது. அதனுள் 'பெரிஸ்திவா சாலிங் எக்ஸ்குளுசிஃப்' என்று ஒரு பகுதி. அதாவது, ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்.

நாம் ஓதியது மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளியோடு சரி. ஆயினும் புத்தகத்தை வாசிக்க வாசிக்க இரண்டு விஷயங்கள் எமக்கு விளங்கின. ஒன்று, மதரஸாவில் உஸ்தாது அவர்கள் மன்திக் பாடத்தில் சொல்லித் தந்த சங்கதியே இங்கே வேறு உடுப்பு உடுத்தி நிற்கிறது. மற்றொன்று, 2023ஆம் ஆண்டு மார்ச் மாத வெள்ளத்தில் நாம் கைமுதலில் ஒரு பகுதியை இழந்ததற்குக் காரணம் இந்தப் பாடத்தை அறியாமையே. ஆதலின் மகனுக்குச் சொன்னதையே நம் சங்கத்துச் சகோதரர்களுக்கும் எழுதலானோம்.

பாடம் யாது?

இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கவே முடியாது என்றிருந்தால், அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். ஒன்று வந்தால் மற்றது வரவில்லை என்பது நிச்சயம். அவ்வளவே இலக்கணம்.

நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் ரமலான் மாதம். அது 29 நாளில் முடியலாம். 30 நாளில் முடியலாம். ஒரே ஊரில் ஒரே அறிவிப்பின்படி இரண்டும் சேர்ந்து நடக்க முடியாது. அவ்விதமே நோன்புப் பெருநாள் வெள்ளிக்கிழமை வருவதும் சனிக்கிழமை வருவதும். 2023ஆம் ஆண்டு மலேசியாவில் பெருநாள் சனிக்கிழமை, ஏப்ரல் 22ஆம் தேதி வந்தது. சனி என்று ஆனபோதே மற்ற ஆறு கிழமைகளும் விலகிப் போயின.

இப்பொழுது வேறோர் இணையைப் பாருங்கள். பெருநாள் சனிக்கிழமை வருவது ஒன்று. பெருநாளன்று மழை பெய்வது மற்றொன்று. இவை ஒன்றையொன்று விலக்குமா? விலக்கா. சனிக்கிழமையும் மழை பெய்யும். ஆகவே இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடனே அவை விலக்கும் சாதி என்று எண்ணிவிடக் கூடாது. "இரண்டும் ஒன்றாய் வருமா?" என்று முதலில் கேட்க வேண்டும். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

மன்திக் பாடத்தில் இதே விஷயம்

மதரஸாவில் ஓதிய சகோதரர்களுக்கு 'ழித்து' என்பதும் 'நகீழ்' என்பதும் நினைவிருக்கும். வெள்ளையும் கறுப்பும் ழித்து. ஒரே துணியின் ஒரே இடம் ஒரே சமயத்தில் வெள்ளையாகவும் கறுப்பாகவும் இருக்க முடியாது. ஆனால் இரண்டும் இல்லாமல் பச்சையாக இருக்கலாம். அதாவது இரண்டும் ஒன்று சேரா. இரண்டும் இல்லாமல் போகலாம். நகீழ் என்பது இன்னும் கடுமையானது. 'வெள்ளை', 'வெள்ளை அல்லாதது' என்ற இரண்டும் ஒன்று சேரவும் மாட்டா. இரண்டும் இல்லாமல் போகவும் மாட்டா. ஏதேனும் ஒன்று இருந்தே தீரும்.

கணக்குப் புத்தகம் சொல்வதும் இதுவே. விலக்கும் நிகழ்ச்சிகள் யாவும் சேர மாட்டா. அவற்றுள் சில இணைகள் மட்டும் எல்லா வழியையும் அடைத்து நிற்கும். அத்தகைய இணையின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் சரியாக 1 வரும். நம் வாரிசுரிமைச் சட்டமாகிய பராயிளிலும் இதன் சாயலைக் காணலாம். மனைவி மௌத்தானால் கணவனுக்குப் பிள்ளை இல்லாத நிலையில் பாதி, பிள்ளை உள்ள நிலையில் கால் பங்கு. பிள்ளை உண்டு, பிள்ளை இல்லை என்னும் இரண்டும் நகீழ். எந்த ஆலிமும் பாதியையும் காலையும் கூட்டி முக்கால் கொடுக்க மாட்டார். இரண்டும் ஒன்றாய் வரா என்று அவர் அறிவார்.

கூட்டும் விதி

இனி கணக்கு. விலக்கும் நிகழ்ச்சிகள் என்று உறுதியானால், "இதுவோ அதுவோ நடக்க எவ்வளவு வாய்ப்பு?" என்னும் கேள்விக்கு இரண்டையும் கூட்டினால் போதும்.

நம் கடையில் ஒரு நாளில் 100 ரசீது என்று கொள்வோம். ரொக்கம் 55, கைப்பேசியில் கியூஆர் மூலம் கட்டியது 25, கடன் 20. ஒரு ரசீதை எடுத்தால் அது ரொக்கமாகவோ கியூஆராகவோ இருப்பதற்கு வாய்ப்பு 55 + 25 = 80, அதாவது நூற்றுக்கு 80. மூன்றையும் கூட்டினால் 100. கணக்கு நேராகி விட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பாதி ரொக்கம், பாதி கடன் என்று ஒரு வாடிக்கைக்காரர் கட்டினால்? அந்த ரசீது இரண்டு பத்தியிலும் ஏறும். கூட்டினால் 100க்கு மேல் போகும். அப்பொழுது ரொக்கமும் கடனும் விலக்கும் நிகழ்ச்சிகள் அல்ல. ஆகவே பத்தி பிரிக்கும்போதே 'முழு ரொக்கம்', 'முழுக் கடன்', 'கலப்பு' என்று பிரித்துவிட வேண்டும். விலக்குகிறதா, இல்லையா என்பது நாம் காரியத்தை எப்படி வரையறுக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

மற்றொரு சுத்தமான உதாரணம் நம் ஹிஜ்ரிக் கணக்கில் இருக்கிறது. பிறை பார்க்காமல் கணக்கிட்டே வகுக்கும் அட்டவணைக் காலண்டரில் 30 ஆண்டுகள் ஒரு சுற்று. அதில் 11 ஆண்டுகளில் துல்ஹஜ் மாதத்துக்கு 30 நாள். 19 ஆண்டுகளில் 29 நாள். ஒரு சுற்றிலிருந்து ஓர் ஆண்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், 30 நாள் துல்ஹஜ் வர 30இல் 11 பங்கு. 29 நாள் வர 30இல் 19 பங்கு. கூட்டினால் முழு 1. இதுதான் நகீழின் கணக்கு.

இத்தகைய எண்ணிக்கை அறிவில் நம் முன்னோர் பின்தங்கியவர் அல்லர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்னும் பேரறிஞர், இரகசிய எழுத்தை உடைத்துப் படிக்கும் வித்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, இரகசியக் கடிதத்தில் அடிக்கடி வரும் குறியை அந்த எழுத்தோடு பொருத்திப் பார்ப்பது அவர் காட்டிய வழி. கடிதத்தில் ஓர் இடத்தில் ஓர் எழுத்துத்தான் நிற்க முடியும். அங்கே அலிபு நின்றால் லாம் நிற்காது. ஆகவே அந்த இடத்தில் அலிபோ லாமோ இருக்கும் வாய்ப்பு, இரண்டின் வாய்ப்பையும் கூட்டியதே. விலக்கும் நிகழ்ச்சிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

கூட்டக் கூடாத இடம்

விலக்காத காரியங்களைக் கூட்டினால் என்ன ஆகும்? 100 வாடிக்கைக்காரரில் 30 பேர் அரிசி வாங்கினர். 20 பேர் சமையல் எண்ணெய் வாங்கினர் என்று வைப்போம். அரிசியோ எண்ணெயோ வாங்கியவர் எத்தனை பேர்? அவசரப்பட்டு 50 என்போம். ஆனால் அரிசியும் எண்ணெயும் சேர்த்து வாங்கியவர் 12 பேர். இந்த 12 பேரை அரிசிக் கணக்கில் ஒரு தடவையும் எண்ணெய்க் கணக்கில் ஒரு தடவையும் எண்ணி விட்டோம். ஆகவே ஒரு தடவை கழிக்க வேண்டும். 30 + 20 − 12 = 38. சரியான விடை 38.

ஒரே ரசீதை இரண்டு முறை பேரேட்டில் ஏற்றினால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? ஒன்றை அடித்து விடுவார். அதே வேலைதான் இது. விலக்கும் நிகழ்ச்சிகளில் இரண்டிலும் விழுவது பூஜ்யம். ஆதலால் கழிக்க ஒன்றுமில்லை. விதி ஒன்றே: கூட்டு, இரண்டிலும் விழுந்ததைக் கழி.

சூதாடியின் பிழை

நிகழ்தகவுக் கணக்கு ஐரோப்பாவில் வளர்ந்தது சூதாட்ட மேசையில். 1654ஆம் ஆண்டில் மெரே என்னும் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய சூதாட்ட வினாக்களைப் பற்றி, பாஸ்கல், பெர்மா என்னும் இரு கணித மேதைகள் கடிதம் எழுதிக் கொண்டனர். அதிலிருந்து இந்தச் சாஸ்திரம் தழைத்தது. சூது நமக்கு ஹராம். ஆயினும் சூதாடி எங்கே ஏமாறுகிறான் என்று அறிவது அதை வெறுக்க மேலும் ஒரு காரணமாகும்.

பகடைக்கு ஆறு முகம். ஒரு தடவை உருட்டினால் ஆறாம் எண் விழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு. நாலு தடவை உருட்டினால் ஆறில் நாலு பங்கு என்று சூதாடி கூட்டுகிறான். அவன் சொல்லும் வழியிலேயே போவோம். ஆறு தடவை உருட்டினால் ஆறில் ஆறு, அதாவது நிச்சயம் விழும்; ஏழு தடவை உருட்டினால் ஆறில் ஏழு, அதாவது நிச்சயத்துக்கும் மேலே! நிச்சயத்துக்கு மேலே ஒரு நிச்சயம் உண்டோ? பிழை எங்கே என்றால், முதல் உருட்டிலும் ஆறு விழலாம், இரண்டாம் உருட்டிலும் ஆறு விழலாம். அவை ஒன்றையொன்று விலக்கா. விலக்காததை விலக்குவதாக எண்ணிக் கூட்டியதால் வந்த வினை அது. நாலு உருட்டில் ஒரு தடவையாவது ஆறு விழும் உண்மையான வாய்ப்பு 1296இல் 671, ஏறத்தாழ நூற்றுக்கு 52. அவன் நம்பியதோ நூற்றுக்கு 67.

ஜொகூர் வெள்ளம் கற்பித்த பாடம்

சூதாடி ஏமாறுவது கிடக்கட்டும். நாணயமாய்த் தொழில் செய்யும் நாம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது" என்னும் சொல்தான் அது.

2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பிற்பகுதியில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தது. நம் சிகாமாட் மாவட்டமும் கோத்தா திங்கியும் மூழ்கின. தண்ணீர் வடிந்தது. மக்கள் வீடு திரும்பிச் சேற்றைக் கழுவினர். கடைக்காரர் புதுச் சரக்கு இறக்கினர். ஒரு மாதம் கூட நிறையவில்லை. 2007ஆம் ஆண்டு ஜனவரி இரண்டாம் வாரத்தில் இரண்டாம் வெள்ளம் வந்தது. கோத்தா திங்கியில் அது முதல் வெள்ளத்தையும் மிஞ்சியது. அந்தப் பருவத்தில் இடம் பெயர்ந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். முதல் வெள்ளத்தில் தப்பிய முதலை இரண்டாம் வெள்ளம் கொண்டு போன கடைகள் எத்தனையோ!

முதல் வெள்ளம் வந்ததால் இரண்டாவது வராது என்று எண்ணியவர், தம்மை அறியாமலே இரண்டையும் விலக்கும் நிகழ்ச்சிகளாக வைத்து விட்டார். உண்மை நேர்மாறானது. முதல் மழையில் மண் குடிக்கும் மட்டும் நீரைக் குடித்து விட்டது. ஆறுகள் நிரம்பிக் கிடந்தன. அதன்மேல் விழுந்த மழை போக இடமின்றி ஊருக்குள் புகுந்தது. முதல் வெள்ளம் இரண்டாவதை விலக்கவில்லை. அதற்குப் பாய் விரித்து வைத்தது.

'நூறாண்டு வெள்ளம்' என்று பொறியாளர் சொல்வதையும் நாம் தவறாகவே விளங்கிக் கொள்கிறோம். நூறு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும், வந்துவிட்டால் அடுத்த 99 வருஷம் நிம்மதி என்று எண்ணுகிறோம். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்ததா என்று அந்த வெள்ளம் பேரேட்டைப் பார்த்து வருவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டின் வெள்ளத்துக்கும் மறு ஆண்டின் வெள்ளத்துக்கும் சம்பந்தமில்லை என்று கொண்டால், இரண்டு ஆண்டிலும் வருவதற்கு வாய்ப்பு 100இல் 1ஐ 100இல் 1ஆல் பெருக்கியது, அதாவது 10,000இல் 1. ஆகவே இரண்டு ஆண்டுகளில் ஒரு முறையாவது வர வாய்ப்பு 10,000இல் 200 அன்று. ஒன்று கழித்து 199. வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். ஆனால் நூறு ஆண்டைக் கூட்டினால் கூட்டல் கணக்கு 'நிச்சயம்' என்று சொல்லும். சரியான கணக்கோ நூற்றுக்கு ஏறத்தாழ 63 என்று சொல்லும். நூறு ஆண்டிலும் வராமல் போக நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. ஒரே ஆயுளில் இரண்டு மூன்று தடவை வரவும் வாய்ப்பு உண்டு. ஒரு மனிதர் 30 ஆண்டு கடை நடத்தினால், அதற்குள் ஒரு தடவையாவது அத்தகைய வெள்ளத்தைக் காண நூற்றுக்கு 26 வாய்ப்பு. நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். இதனை 'அபூர்வம்' என்று சொல்லி ஒதுக்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

இரண்டு லோரிக்காரர் கதை

இனி எம் சொந்தப் பிழையைச் சொல்கிறோம். 2023ஆம் ஆண்டு ரமலான் மார்ச் 23ஆம் தேதி தொடங்கியது. அதற்காகப் பேரீச்சம்பழம், மாவு, சீனி முதலியவற்றில் ஒரு பகுதியை முன்னதாகவே இறக்கி வைத்திருந்தோம். மீதிக்கு இரண்டு மொத்த வியாபாரிகளிடம் சொல்லி வைத்தோம். "இவர் லோரி வராவிட்டால் அவர் லோரி வரும்" என்பது எம் கணக்கு. அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் சிகாமாட், பத்து பகாட் வட்டாரங்களில் வெள்ளம் ஏறியது. ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண நிலையங்களுக்குச் சென்றனர். யோங் பெங் பக்கமிருந்து வரும் சாலையில்தான் இரண்டு லோரிகளும் வர வேண்டும். சாலையில் தண்ணீர். இரண்டும் வரவில்லை. கடையின் பின்கட்டில் தரையில் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளும் நனைந்தன.

அன்று நாம் செய்த பிழை என்ன என்பதை மகனின் புத்தகத்தைப் பார்த்த பிறகே உணர்ந்தோம். ஒரு லோரி வராமல் போக பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று, கணக்குக்காக, வைத்துக் கொள்ளுங்கள். மற்றதற்கும் அவ்வாறே. இரண்டும் ஒரே சமயத்தில் வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? இதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது: இரண்டும் ஒன்றையொன்று விலக்குமானால், விடை பூஜ்யம். "இவர் வராவிட்டால் அவர் வருவார்" என்று நாம் சொன்னபோது எம் மனத்தில் இருந்தது இதுதான்.

இரண்டாவது: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையானால், பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கி, நூறில் ஒன்று. ஒரு லோரி வடக்கே லாபிஸ் வழியாகவும் மற்றது தெற்கே யோங் பெங் வழியாகவும், வேறு வேறு காரணத்தால் தடைப்படும் விதமாக வந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

மூன்றாவது: இரண்டையும் ஒரே காரணம் தடுக்குமானால், ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஒரே சாலை, ஒரே வெள்ளம். ஒன்று வராவிட்டால் மற்றதும் வராது. இரண்டு லோரி வைத்திருந்தும் ஒரு லோரி வைத்திருந்த கதைதான்.

பூஜ்யம், நூறில் ஒன்று, பத்தில் ஒன்று. மூன்றுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். நாம் பூஜ்யம் என்று எண்ணிய இடத்தில் உண்மை பத்தில் ஒன்றாக இருந்தது.

இங்கே மாணவர் பலரும் தடுமாறுகிற ஓர் இடத்தையும் தெளிவாக்கி விடுவோம். 'விலக்கும்' என்பதும் 'சம்பந்தமில்லாதது' என்பதும் ஒன்றல்ல. விலக்கும் நிகழ்ச்சிகளுக்குள் மிக நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஒன்று வந்தது என்று கேட்டவுடனே மற்றது வரவில்லை என்று சத்தியம் செய்யலாம். சம்பந்தமில்லாதவற்றிலோ ஒன்றைப் பற்றிக் கேட்டாலும் மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதலாவதில் கூட்டுவோம், இரண்டாவதில், இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்பை அறியப் பெருக்குவோம்.

கடைக்குள் இந்தப் பாடம்

ஆகவே சகோதரர்கள் கல்லாவில் அமர்ந்து எந்த ஆபத்தைப் பற்றி யோசித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளலாம். இரண்டும் ஒன்றாய் வருமா? வருமானால், ஒன்று மற்றதை இழுத்து வருமா? இரண்டுக்கும் பின்னே ஒரே காரணம் ஒளிந்திருக்கிறதா?

கடன் கொடுப்பதை எடுத்துக் கொள்வோம். பத்துப் பேருக்குப் பிரித்துக் கடன் கொடுத்திருக்கிறோம், ஆபத்தில்லை என்கிறோம். பத்துப் பேரும் ஒரே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களானால், தோட்டத்தில் வேலை குறைகிற மாதத்தில் பத்துப் பேரும் ஒன்றாகவே பாக்கி வைப்பர்.

தகாபுல் காப்புறுதியையும் எடுத்துக் கொள்வோம். மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் தகாபுல் முறை தொடங்கியது முதல் நம்மவர் பலர் அதில் சேர்ந்துள்ளனர். கடைக்குத் தீ காப்புறுதி எடுத்துவிட்டு, எல்லாம் அடங்கிவிட்டது என்று இருப்போர் உண்டு. அடிப்படைத் தீ காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. அதற்குத் தனியே பங்களிப்புச் செலுத்திச் சேர்க்க வேண்டும். தீயும் வெள்ளமும் நெருப்பும் தண்ணீரும் அல்லவா, இரண்டும் எப்படிச் சேரும் என்று ஒருவர் எம்மிடம் கேட்டார். தண்ணீரும் நெருப்பும் ஓர் அடுப்பில் சேரா. ஆனால் ஓர் ஆண்டில் சேரும். வெள்ளம் மின்கம்பியில் ஏறித் தீப்பற்றினால் ஒரே நாளிலும் சேரும். பத்திரத்தை எடுத்து என்னென்ன அடங்கும் என்று வாசித்துப் பாருங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு நாம் செய்தது சிறிது. மூட்டைகளைத் தரையில் அடுக்குவதை விட்டுப் பலகை மேடை அமைத்தோம். மொத்த வியாபாரிகளில் ஒருவரை வேறு வழியாகச் சரக்கு அனுப்புகிறவராக மாற்றினோம். கணக்குப் பேரேட்டின் நகலை உறவினர் வீட்டில் வைத்தோம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

தவக்குலுக்கு முரணா?

"எல்லாம் அல்லாஹ் விதித்தபடியே நடக்கும், வாய்ப்பு, பங்கு என்று கணக்குப் போடுவது எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நிகழ்தகவு, நாளை என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. நமக்குத் தெரியாததன் அளவை மட்டும் அது நமக்கு எடுத்துக் காட்டுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் தவக்குல் வைக்குமாறு நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் போதித்ததாக வரும் ஹதீஸ் நாம் அனைவரும் அறிந்ததே. கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளப்பதும் கட்டுவதில் அடங்கும். கட்டுவதும் தவக்குலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டும் ஒன்றாய் வர வேண்டியவை.

பயிற்சி

சகோதரர்கள் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. 100 ரசீதுகளில் 45இல் பால் டின் உண்டு. 35இல் சீனி உண்டு. 20இல் இரண்டும் உண்டு. பாலோ சீனியோ உள்ள ரசீது எத்தனை?

2. கடையில் இரண்டு குளிர்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் பழுதாகப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை எனக் கொள்க. ஒன்றாவது பழுதாக எவ்வளவு வாய்ப்பு?

3. அந்தக் குளிர்பெட்டிகள் இரண்டும் ஒரே மின்கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், இரண்டாம் கணக்கின் விடையை நம்பலாமா?

விடைகள்: முதலாவதற்கு 45 + 35 − 20 = 60. இரண்டாவதற்கு 10 + 10 − 1 = 19, அதாவது நூறில் 19. மூன்றாவதற்கு, நம்பலாகாது. ஒரே கம்பி இரண்டையும் ஒன்றாய்க் கெடுக்கலாம். அப்பொழுது ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு 19க்குக் கீழே இறங்கும், இரண்டும் ஒன்றாய்ப் பழுதாகும் வாய்ப்போ மேலே ஏறும். கடைக்காரரைக் கவிழ்ப்பது பின்னதே.

எம் மகன் பரீட்சையில் இந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் வாங்குவான் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆண்டு மழைக்காலம் தொடங்குமுன் அவனே பின்கட்டுக்குப் போய்ப் பலகை மேடையின் உயரத்தை அளந்து பார்த்து, "அத்தா, இது போதாது, இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும்" என்றான். உயர்த்தினோம்.

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத் செய்வானாக. நம் பொருளையும் மக்களையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.